இலவசத்தின் விலை என்ன?

வணிக உலகில் மிகுந்த கவர்ச்சி வாய்ந்த சொல் எது? ‘மலிவு’ அன்று, ‘தரம்’ என்பதும் அன்று. ‘இலவசம்’ என்பதே அச்சொல். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’, ‘மூன்று எடுத்தால் இரண்டின் விலை’, ‘இரண்டாவது பொதிக்குப் பாதி விலை’ என்றெல்லாம் எழுதிய அட்டைகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்பொருள் அங்காடிகளின் இறாக்கைகளில் தொங்குகின்றன. வாசிப்பவர் கை தானாகவே நீளுகின்றது. ஒன்று வாங்க வந்தவர் மூன்றோடு வெளியேறுகின்றார்; ஏதோ ஈட்டிவிட்ட மகிழ்ச்சியும் அவர் முகத்திலே தோன்றுகின்றது. ஈட்டியவர் அவர்தாமா, அன்றிக் கடைக்காரரா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினாவாகும்.

இத்தகைய அறிவித்தல்கள் அனைத்தும் மோசடி என்று கூக்குரலிடுவது எமது நோக்கமன்று. அவற்றுள் உண்மையாகவே நன்மை தருவனவும் உண்டு. நன்மைபோலத் தோன்றி நட்டத்தை விளைப்பனவும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் ஆற்றல் எம் மக்களுக்கு வேண்டும். பிரித்தறிவதற்கு வேண்டிய விபரங்களை வணிகர் ஒளிக்காது வெளியிடல் வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்தவே இதனை எழுதுகின்றோம்.

‘அரசியல் வார ஏட்டிற் சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் என்ன வேலை?’ என்று கேட்பாரும் உளர். அரசியல் என்பது மேடையிலும் பாராளுமன்றத்திலும் மட்டும் நடைபெறுவதொன்றன்று. உழைத்துப் பெற்ற ரூபா எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எந்த நிபந்தனையின்மேல் மாறுகின்றது என்பதும் அரசியலே. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் எட்டியதை எவர் மறப்பர்? பின்னர் அவ்வேகம் தணிந்தது. ஆயினும், ஏறிய விலைகள் பழைய படிக்கு இறங்கிவிடவில்லை. அப்பேரலை மக்களின் பணத்தை மட்டுமன்றி மற்றொன்றையும் அடித்துச் சென்றது. அது விலை பற்றிய நினைவு. வாரத்துக்கு வாரம் விலை மாறிய காலத்திலே, ஒரு பொருளின் வழக்கமான விலை இன்னதென்று மனத்திற் பதிய வழியேது? வழக்கமான விலை தெரிந்தாலன்றோ சலுகை விலை உண்மையிற் சலுகைதானா என்று சொல்ல முடியும்! அளவுகோலை இழந்தவனிடம் எத்தனை முழம் என்று சொல்லியும் துணி விற்கலாம்.

கணக்கு என்ன சொல்கின்றது?

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அட்டையிலுள்ள சொற்கள் பலவாயினும் அவற்றின் உள்ளே இருப்பது எளிய வகுத்தலே. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், இரண்டு பொருளுக்கு ஒன்றின் விலை. ஆகவே கழிவு 50 வீதம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், மூன்று பொருளுக்கு இரண்டின் விலை. கழிவு 33 வீதமும் சிறிது மிச்சமும். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 25 வீதம். ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ஆறில் ஒன்று. ஏறத்தாழ 17 வீதம். இரண்டாவது பொதிக்குப் பாதி விலை என்பது காதுக்குப் ‘பாதி’ என்று ஒலித்தாலும், இரண்டும் சேர்ந்து ஒன்றரைப் பொதியின் விலையாதலால் கழிவு 25 வீதமே. ‘பாதி’ என்ற சொல்லைக் கேட்டு 50 வீதம் என்று எண்ணுபவர், தம் கணக்கிலே தாமே இரு மடங்கு தவறுகின்றார்.

இவ்வளவும் வாங்கிய பொருள் முழுவதும் பயன்பட்டால் மட்டுமே பொருந்தும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஒரு யோகட்டின் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு ஒன்று இலவசம். ஆகவே 200 ரூபா கொடுத்து மூன்று பெறுகின்றோம். மூன்றையும் உண்டால் ஒன்று 67 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக முடிகின்றது. இது நல்ல பேரம். இரண்டை உண்டு ஒன்றைப் பழுதாக்கி எறிந்தால் ஒன்றின் விலை 100 ரூபாவாகிவிடுகின்றது, சலுகை மறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் உண்டு இரண்டை எறிந்தால், 100 ரூபாவுக்குப் பெறக்கூடியதை 200 ரூபாவுக்குப் பெற்றவராகின்றோம். கொடுத்த பணத்தை வாங்கிய பொருளின் தொகையால் வகுத்தல் கடைக்காரரின் கணக்கு. பயன்படுத்திய பொருளின் தொகையால் வகுத்தல் குடும்பத்தின் கணக்கு. இவ்வொரு விதியை மனத்திற் கொண்டவர் எந்த அங்காடியிலும் ஏமாறமாட்டார்.

இவ்விதியின் மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மை. உப்பு, சவர்க்காரம், பருப்பு, அரிசி முதலியன எளிதிற் கெடாதவை, எப்படியும் தேவைப்படுபவை. ஆறு பேர் வாழும் வீட்டில் மூன்று சவர்க்காரம் ஒன்றின்பின் ஒன்றாகத் தேயப்போவது உறுதி. அத்தகைய பொருளுக்கு, அத்தகைய வீட்டுக்கு, கையிற் காசும் இருக்குமானால், இச்சலுகை மெய்யான சலுகையே. அதனை வேண்டாமென்று தள்ளுவது அறிவுடைமையாகாது.

கடைக்காரருக்கு என்ன இலாபம்?

இனி இறாக்கையின் மறுபுறம் நின்று நோக்குவோம். 100 ரூபாவுக்கு விற்கும் பொருளைக் கடைக்காரர் 70 ரூபாவுக்குக் கொள்வனவு செய்தார் எனக் கொள்வோம். ஒன்றை விற்றால் 30 ரூபா இலாபம். இரண்டின் விலைக்கு மூன்றைக் கொடுத்தால் வரவு 200 ரூபா. கொள்விலை 210 ரூபா. பத்து ரூபா நட்டம்! எந்த வணிகர் நட்டப்படுவதற்காக அட்டை அச்சிட்டுத் தொங்கவிடுவார்? ஆகவே, இந்நட்டத்தை எவரோ, எங்கேயோ நிரப்புகின்றனர் என்பது தெளிவு. அவ்வழிகளை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது வழி, உற்பத்தியாளர் தாமே கழிவைச் சுமப்பது. தமது சவர்க்காரம் ஒரு வீட்டினுள் மூன்று கட்டிகளாக நுழைந்துவிட்டால், அவ்வீட்டார் இரண்டு மாதத்துக்கு வேறொருவரின் சவர்க்காரத்தை நாடமாட்டார் என்பது அவரது கணக்கு. இது போட்டியாளரைப் புறந்தள்ளும் உபாயம். வாங்குபவருக்கு இதனாற் கேடில்லை. இரண்டாவது வழி, தேங்கிய சரக்கைத் தள்ளுவது. காலாவதித் திகதி நெருங்கிய பொருளை எறிந்தால் முழு நட்டம். இலவசமென்று கொடுத்தாற் பாதி நட்டம். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் பொதியின் திகதியையே முதலிற் பார்த்தல் வேண்டும். மூன்றாவது வழி, இச்சலுகைக்காக வந்தவர் போகும்போது வேறு பத்துப் பொருள்களை முழு விலைக்கு வாங்கிச் செல்வார் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை வீண்போவதில்லை என்பதை எம் வீட்டுப் பற்றுச்சீட்டுகளே சொல்லும்.

நான்காவது வழியே கொடியது. முதலில் விலையை ஏற்றிவிட்டுப் பின்னர் இலவசத்தை அறிவிப்பது அது. 100 ரூபாப் பொருளை 150 ரூபாவாக்கி, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று எழுதினால் நடப்பதென்ன? மூன்று பொருளுக்கு 300 ரூபா. ஒன்றுக்கு 100 ரூபா. சென்ற மாதமும் அதே விலை. இம்மாதமும் அதே விலை. எள்ளளவும் கழிவில்லை. இதில் மாறியது ஒன்றே: மூன்றை ஒருங்கே வாங்க இயலாது ஒன்றை மட்டும் வாங்கும் ஏழை, 100 ரூபாவுக்குப் பதிலாக 150 ரூபா கொடுக்கின்றான். சலுகை என்ற பெயரால் ஏழையின்மீது ஐம்பது வீத வரி விதிக்கப்பட்டுவிட்டது. இதனைவிடப் பெரிய அநீதி வேறென்ன வேண்டும்?

ஒரு வர்ணப் பேணியின் வழக்கு

இவ்வினா நீதிமன்றம் ஏறிய வரலாறும் உண்டு. அமெரிக்காவிலே மேரி காட்டர் என்ற வர்ணப்பூச்சுக் கொம்பனி, ஒவ்வொரு பேணிக்கும் மற்றொரு பேணி இலவசம் என்று விளம்பரம் செய்து வந்தது. ஒரு கலன் பேணிக்கு அது குறித்த விலை 6 டொலர் 98 சதம். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு இதனை ஆராய்ந்து, 1962ஆம் ஆண்டு அவ்விளம்பரம் மக்களை ஏமாற்றுவதென்று தீர்மானித்தது. ஏன்? அக்கொம்பனி தன் வர்ணத்தைத் தனிப் பேணியாக விற்ற வழக்கமே இல்லை. எப்போதும் இரண்டு பேணிகளையே சேர்த்துக் கொடுத்து வந்தது. ஆகவே 6 டொலர் 98 சதம் என்பது இரண்டு பேணிகளின் விலை. ஒன்றின் விலை அன்று. இரண்டின் விலையை ஒன்றின்மேல் ஏற்றிவிட்டு, மற்றதை இலவசமென்று கூறுவது பொய்யுரையாகும்.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நீதியரசர் பிரெனன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதி, ஆணைக்குழுவின் முடிவுக்குச் சான்று உண்டென ஏற்றார். ஆணையின் வாசகத்தைத் தெளிவாக்குமாறு மட்டும் அதனைத் திருப்பி அனுப்பினார். நீதியரசர் ஹார்லன் மாறுபட்டார். இத்தீர்ப்பின் உள்ளுறை எம் நாட்டுக்கும் எந்நாட்டுக்கும் பொருந்துவதாகும். ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு ஓர் அடிநிலை வேண்டும். அவ்வடிநிலை, அப்பொருளின் உண்மையான, வழக்கமான தனி விலை. தனி விலை இல்லாதவிடத்து இலவசமும் இல்லை.

1971ஆம் ஆண்டில் அதே ஆணைக்குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு பிரதேசத்தில் ஓர் அளவுப் பொருளுக்கு, பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இலவச அறிவித்தல் கூடாது. ஓர் அறிவித்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பது நாளாவது கழிய வேண்டும். ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் ஆகாது என்று வணிகருக்கு வழிகாட்டியது. காரணம் வெளிப்படை. ஆண்டு முழுவதும் நீடிக்கும் சலுகை சலுகையன்று; அதுவே விலை.

வீசி எறிந்த உறைகள்

ஆங்கில நாட்டு வழக்கு ஒன்றையும் ஈண்டு நினைவூட்டுதல் பயனுடைத்து. நெஸ்லே கொம்பனி, ஒன்றரைச் சிலிங்கும் தனது சொக்கிலேற்றின் உறைகள் மூன்றும் அனுப்புவோருக்கு ஓர் இசைத்தட்டைக் கொடுப்பதாக அறிவித்தது. வந்து சேர்ந்த உறைகளைக் கொம்பனி வீசி எறிந்துவிட்டது. இசைத்தட்டின் விலை யாது? ஒன்றரைச் சிலிங்கு மட்டுமா, அன்றி உறைகளும் அதில் அடங்குமா? சாப்பல் எதிர் நெஸ்லே என்ற அவ்வழக்கிலே, 1959ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை நீதிபதிகள், உறைகளும் விலையின் ஒரு பகுதியே என்று தீர்த்தனர். உறை குப்பைக்குப் போனால் என்ன? அதனைப் பெறுவதற்காக மக்கள் சொக்கிலேற்று வாங்கினர் அல்லவா? அதுவே கொம்பனி விரும்பிய பயன்.

இதன் படிப்பினை யாது? ‘இரண்டு வாங்கினால்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இலவசத்தைப் பற்றிய வாக்கியமன்று. அது விலையைப் பற்றிய வாக்கியம். நாம் கொடுக்கும் ரூபா விலையின் ஒரு பகுதி. நாம் வேண்டாத பொருளையும் சேர்த்து வாங்க உடன்படுவது மற்றொரு பகுதி. அவ்வுடன்பாட்டுக்கு மதிப்பில்லையென்றால் வணிகர் அதனைக் கேட்டிருக்கமாட்டார்.

அது எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு அரசாங்கங்களின் செயலே சான்று. ஸ்கொத்லாந்தில் 2010ஆம் ஆண்டின் மதுபானச் சட்டத்தின்கீழ், கடைகளிலே கூடுதலான மதுப் போத்தல்களைச் சேர்த்து வாங்குவோருக்கு விலை குறைத்துக் கொடுப்பது 2011 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில், கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த குறித்த உணவு வகைகளுக்கு இத்தகைய கூட்டு விலைச் சலுகைகளைப் பெரிய கடைகள் வழங்குவது 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. இச்சலுகைகளால் மக்கள் கூடுதலாக வாங்குகின்றனர், கூடுதலாக வாங்கியதைக் கூடுதலாக உட்கொள்ளுகின்றனர் என்பதே இத்தடைகளின் அடிப்படை. சேமிப்புக்கு உதவும் என்று சொல்லப்பட்டது செலவைப் பெருக்குகின்றது என்பதை அந்நாடுகள் சட்டத்தாலேயே ஒப்புக்கொண்டுவிட்டன.

கமக்காரரின் கணக்கு

நகரத்து உத்தியோகத்தருக்கு மட்டும் உரிய விடயம் இது என்று எம் கமக்காரர் எண்ணிவிடலாகாது. ‘ஐந்து போத்தல் எடுத்தால் ஒன்று இலவசம்’ என்ற பேச்சு கிருமிநாசினி விற்கும் கடையிலும் எழக்கூடியதே. அங்கு மற்றொரு பொறியும் உண்டு, அது கடன்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு போத்தல் மருந்தின் கைக்காசு விலை 2000 ரூபா. அறுவடை வரை கடன் என்றால் 2300 ரூபா. வெங்காயம் நட்ட ஒருவருக்கு இப்போகத்துக்கு வேண்டியது மூன்று போத்தல். கைக்காசுக்கு வாங்கினால் 6000 ரூபாவோடு அலுவல் முடிந்தது. சலுகையைக் கண்டு ஐந்து போத்தலைக் கடனுக்கு எடுத்து ஆறாவதை இலவசமாகப் பெறுகின்றார். கடன் 11,500 ரூபா. ஆறால் வகுத்தால் ஒன்று 1917 ரூபா. கைக்காசு விலையிலும் பார்க்க மிச்சம் 83 ரூபா மட்டுமே. ஆறில் ஒன்று இலவசம் என்ற சலுகையை, கடன் விலை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிட்டது. மிஞ்சிய மூன்று போத்தலில் ஒன்று அடுத்த போகத்துக்கு முன் காலாவதியானால், ஐந்தால் வகுக்க வேண்டும். ஒன்று 2300 ரூபா. இலவசம் முழுவதும் கரைந்துவிட்டது, எஞ்சியது கடன்!

பணக் கணக்கு இவ்வாறிருக்க, மண்ணின் கணக்கும் ஒன்றுண்டு. கையில் மருந்து மிஞ்சிக் கிடந்தால், தேவைக்கு மேலும் ஒரு தரம் விசிறிவிடத் தூண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கும் கிணற்று நீர் என்பதை மறத்தல் ஆகாது. மேலே தெளித்தது கீழே இறங்காது என்பதற்கு எவர் பிணை நிற்பார்? வேண்டாத மருந்து இலவசமாக வந்தாலும் வேண்டாததே.

எவர் செலவில் எவருக்குச் சலுகை?

இப்போது இவ்விடயத்தின் மையத்துக்கு வருகின்றோம். கூட்டு விலைச் சலுகையைப் பெறுவதற்கு நான்கு வேண்டும்: கையில் முன்கூட்டிய காசு, வீட்டில் வைக்க இடம், பழுதாகாது பேணக் குளிர்ப்பெட்டி, கொண்டுசெல்ல வண்டி. மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தருக்கு இவை பெரும்பாலும் உண்டு. நாட்கூலிக்குத் தோட்டங் கொத்தும் ஒருவனுக்கோ, கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒரு தாய்க்கோ இவற்றுள் எது உண்டு? அன்றைய கூலிக்கு அன்றைய அரிசி; அன்றைய தேங்காய். அவர்கள் ஒன்றையே வாங்குவர். ஒன்றுக்கு முழு விலையே கொடுப்பர்.

மேலே கூறிய 150 ரூபாப் பொருளையே எடுத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் 300 ரூபாவுக்கு மூன்றைப் பெற்றுச் செல்கின்றார். கூலியாள் மூன்று வாரங்களில் மூன்று தடவை வந்து அதே மூன்றுக்கு 450 ரூபா கொடுக்கின்றான். பொருள் ஒன்று, கடை ஒன்று, ஊர் ஒன்று. 150 ரூபா வேற்றுமை எதற்கு? அவன் ஏழை என்பதற்கு. உள்ளவனுக்குக் குறைந்த விலையும் இல்லாதவனுக்குக் கூடிய விலையும் வகுக்கும் இம்முறைக்குச் ‘சலுகை’ என்று பெயரிட்டிருப்பது சொல்லுக்கே இழுக்கன்றோ!

வணிகர் தரப்பின் மறுமொழியையும் கேட்போம். ‘எவரையும் நாம் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் வாங்கலாம், விரும்பாதவர் விடலாம். மொத்தமாக வாங்குவோருக்குக் குறைத்துக் கொடுப்பது உலக வழக்கு’ என்பர். இதில் உண்மை உண்டு. மூட்டையாக வாங்கினாற் கிலோ மலிவு என்பது எம் பாட்டன் காலத்து நியதி. அதற்கு நியாயமும் உண்டு, மூட்டையை அளந்து பொதியிடும் செலவு மிச்சமாதலின். ஆனால், ஒப்பந்தச் சுதந்திரம் என்பது இரு பக்கமும் உண்மையை அறிந்த நிலையிலேயே பொருளுடையதாகும். சென்ற மாத விலை ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரியும். நிபந்தனை ஒரு பக்கத்துக்கு மட்டும் விளங்கும் மொழியில் இருக்கும். காலாவதித் திகதி கண்ணுக்கு எட்டாத மூலையில் இருக்கும் என்றால், அங்கு சுதந்திரம் ஒரு பக்கத்துக்கே உரியதாகின்றது.

சட்டம் எங்கே நிற்கின்றது?

எம் நாட்டிற் சட்டம் இல்லையா? உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வணிகர் மக்களை மயக்கும் அல்லது ஏமாற்றும் வகையில் நடந்துகொள்வதை 30ஆம் பிரிவிலே தடுக்கின்றது. பொய்யான எடுத்துரைப்புகளை 31ஆம் பிரிவு தடுக்கின்றது. விலைப்பட்டியலை யாவரும் காண வைத்தல் வேண்டும் என்கின்றது 26ஆம் பிரிவு. கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்கின்றது 28ஆம் பிரிவு. விலை குறித்தல், பொதியிடல் முதலியன பற்றி உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் 10ஆம் பிரிவின்கீழ் அச்சபைக்கு உண்டு. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட 13ஆம் பிரிவு இடமளிக்கின்றது. தொலைபேசியில் முறையிட 1977 என்ற இலக்கமும் உண்டு.

மற்றொன்றையும் நினைவில் வைத்தல் நன்று. இறாக்கையில் விலை குறித்துப் பொருளை வைத்திருப்பது சட்டத்தின் கண்ணில் விற்பனை முன்மொழிவன்று. வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே. இதனை 1953ஆம் ஆண்டில் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் பூட்ஸ் மருந்துக் கடை வழக்கிலே தெளிவாக்கியது. ஒப்பந்தம் காசாளரின் மேசையிலேயே உருவாகின்றது. ஆகவே, அட்டையிற் கண்ட சலுகை பற்றுச்சீட்டில் விழுந்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டிய இடம் அந்த மேசையே. வீடு சென்றபின் பார்ப்பவர் கையிற் சான்று குறைவு. மூன்றில் ஒன்று பழுதாயிருந்து திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் எவ்வளவு பணம் மீளும் என்பதையும் அங்கேயே கேட்டுவைத்தல் வேண்டும். ‘அது இலவசப் பொருள்தானே’ என்ற பதில் வந்தால் அதை ஏற்றல் ஆகாது. மூன்றுக்கும் சேர்த்தே விலை கொடுத்தோம் என்பதை மேலே காட்டினோம்.

சட்டம் உண்டு, ஆயினும் பொதுச் சொற்களில் உண்டு. மேரி காட்டர் வழக்கின் நீதியை விதியாக எழுதிய பணிப்புரை எமக்கு வேண்டும். அதில் ஐந்து அம்சங்கள் அடங்க வேண்டுமென நாம் கேட்கின்றோம். ஒன்று: கூட்டு விலை எழுதிய அட்டையிலேயே தனிப் பொருளின் விலையும் அதே அளவு எழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டு: கிலோவுக்கு, லீற்றருக்கு இவ்வளவு என்ற அலகு விலை குறிக்கப்படல் வேண்டும், ஐரோப்பிய நாடுகள் இதனை 1998ஆம் ஆண்டின் பணிப்புரையாலே ஏற்றுக்கொண்டுவிட்டன. மூன்று: அறிவித்தலுக்கு முன் ஒரு குறித்த காலத்துக்கு அப்பொருள் உண்மையில் அத்தனி விலைக்கு விற்கப்பட்டிருத்தல் வேண்டும், அதனை நிறுவும் பொறுப்பு வணிகர்மேல் இருத்தல் வேண்டும். நான்கு: காலாவதி நெருங்கிய பொருளாயின் அதனை வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். ஐந்து: நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது அம்சத்தைப் பற்றி ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அவ்வேற்பாடு அரசாங்கத்தைக் கட்டுவது. தனியார் கடையை நேரே கட்டுவதன்று என்பதை அறிவோம். எனினும், வாங்குபவனுக்கு விளங்காத மொழியில் நிபந்தனையை எழுதிவிட்டு, ‘நிபந்தனைக்கு உடன்பட்டே வாங்கினாய்’ என்று கூறுவது நீதியாகுமா? ‘இலவசம்’ என்பதைப் பெரிய தமிழ் எழுத்திலும், அதன் நிபந்தனையை எறும்பளவு ஆங்கில எழுத்திலும் அச்சிடுவது மயக்கும் நடத்தையே என்பது எமது வாதம்.

நாம் செய்ய வேண்டியது

அதிகார சபை பணிப்புரை விடுக்கும்வரை கைகட்டி இருப்பதா? இல்லை. தனியொருவனால் மூன்றை வாங்க இயலாதாயின் மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கலாம். ஒவ்வொரு வீடும் மூன்றிலொரு பங்கு பணம் கொடுத்து ஒரு பொருளைப் பெற்றால், 200 ரூபாச் சலுகையில் ஒவ்வொருவருக்கும் 67 ரூபா. உள்ளவனுக்கென்று வகுத்த கழிவு இல்லாதவனுக்கும் கிட்டுகின்றது. வேண்டாத பொருள் ஒரு வீட்டிலும் தேங்குவதில்லை.

இது புதுமையன்று. இதன் பழைய பெயர் கூட்டுறவு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகர் நெசவாளரும் பிற தொழிலாளரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கடையைத் திறந்து, இலாபத்தை வாங்கியவருக்கே பகிர்ந்தனர். எம் மண்ணிலும் அம்மரபு ஆழமானது. மலையாள நாட்டுச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய கமக்காரர் கூட்டுறவுச் சங்கமாக இணைந்து விற்றனர். மூளாயிலே மக்கள் கூடிக் கூட்டுறவு மருத்துவமனை கண்டனர். கூட்டுறவு முன்னோடி வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கிய மண்டபம் யாழ்ப்பாண நகரில் இன்றும் நிற்கின்றது. அம்மண்டபத்திற் கூட்டம் கூடிக் கைதட்டிக் கலையும் நாம், அப்பெயர் எதற்காக நின்றதோ அதனை மறந்துவிட்டோம் போலும்! சங்கக்கடை என்பது ஊர் முழுவதும் சேர்ந்து ஒருவராய் நின்று மொத்த விலைக்கு வாங்கி, ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்குபவனுக்கும் அதே விலையைக் கொடுக்கும் ஏற்பாடு. எந்த அங்காடியின் அட்டையும் இதற்கு ஈடாகாது. சங்கக்கடைகள் சோர்ந்துள்ள ஊர்களில் அவற்றைத் தட்டியெழுப்புவது படித்தோர் கடமை. கணக்கெழுதத் தெரிந்த உத்தியோகத்தரும், சட்டம் தெரிந்த வழக்கறிஞரும், விளைவிக்கத் தெரிந்த கமக்காரரும் ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டிய காலம் இது.

அதற்கு முதற்படியாக ஒவ்வொரு வாசிகசாலையிலும் ஒரு கரும்பலகை தொங்கட்டும். ஊராருக்கு வேண்டிய பத்துப் பொருள்களின் தனி விலையை மாதம் ஒருமுறை அதில் எழுதிவைப்போம். பழைய மாதத்தின் விலையை ஒரு கொப்பியிற் பதிந்து பேணுவோம். செலவு ஒரு சோக்குக்கட்டி. அதனால் வருவதோ, நாம் இழந்த அளவுகோல். ‘இலவசம்’ என்ற அட்டையைக் கண்டவர் அக்கொப்பியைப் புரட்டிப் பார்க்கட்டும். விலை ஏற்றப்பட்டிருந்தால் பற்றுச்சீட்டையும் கொப்பியின் பிரதியையும் சேர்த்து அதிகார சபைக்கு முறையிடட்டும். ஒருவரின் முறைப்பாடு கோவையில் உறங்கலாம். நூறு ஊர்களின் கொப்பிகள் ஒருங்கே மேசைக்கு வந்தால் எந்த அதிகாரியும் உறங்க இயலாது.

கொடுப்பவன் எவனும் நிபந்தனையோடு கொடுப்பதில்லை. நிபந்தனையோடு கொடுப்பவன் விற்கின்றான். விற்பவனிடம் விலையைக் கேட்பது எமது உரிமை. அதனைத் தெளிவாகச் சொல்வது அவனது கடமை. அவ்வுரிமையை இன்றே, அடுத்த முறை அங்காடி வாயிலில் நுழையும்போதே பயன்படுத்துவோமாக!